இருநூற்று நாற்பத்தொன்று வரவில்லை

"ஃபைல் நம்பர் இருநூத்தி நாப்பத்தொண்ணு... ஏழாம் நம்பர் ரூமுக்கு வரவும்."

யாரும் எழவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கூடத்தைப் பார்த்தாள். வெளியே மழை. உள்ளே ஆறு வரிசை பெஞ்சு. அறுபது பேர். அத்தனை பேரும் தலையைச் சுவரில் சாய்த்து, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு... ஒருவர்கூட அசையவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் இது சாதாரணம்தான். சொட்டு மருந்து விட்டால் அரை மணி நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் செவ்வாய்க்கிழமை, பத்தொன்பது வயதில், மழை இருட்டில், அறுபது மூடிய முகங்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கதவு எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றும்.

"இருநூத்தி நாப்பத்தொண்ணு... ரெண்டாவது அழைப்பு."

அப்போதுதான் பார்த்தாள்.

கடைசி பெஞ்சு. தூண் ஓரம். ஒருத்தன் மட்டும் கண்ணை மூடவில்லை.

அந்தக் கண்கள்... கறுப்பு வட்டம் முழுக்க விரிந்து, வெள்ளை ஓரம் மட்டும் மெல்லிசாகத் தெரிய, ஆழம் தெரியாத கிணறு மாதிரி... அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளைக்கூட இல்லை. அவள் வாயை.

'என்ன பார்வை இது?'

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் குரல் கீச்சென்று போனது. ஃபைலில் சிவப்பு மையால் எழுதினாள். 'வரவில்லை.'

நிமிர்ந்தாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்... இமைக்காமல்.

*

"ஏன்டி கீச்சு, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

கேட்டது சொட்டு அக்கா. கூடத்தில் எல்லோருக்கும் மருந்து விடுகிற நர்ஸ். ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தது அவள்தான்; கீச்சு உள்பட.

"அக்கா, கடைசி பெஞ்சுல தூண்கிட்ட ஒரு ஆளு... நீங்கதானே மருந்து விட்டீங்க? யாரு அது?"

"எனக்கு எப்படிடி தெரியும்? ஒரு நாளைக்கு முன்னூறு கண்ணு பார்க்குறேன். முகத்தை எவ பார்த்தா?" டீயை உறிஞ்சினாள். "ஏன், அழகா இருக்கானா?"

"ஐயோ அக்கா! என் வாயையே முறைச்சுப் பார்க்குறான்."

"மைக்ல கத்துறவ வாயைப் பார்க்காம வேற எங்க பார்ப்பான்?"

"அந்த எரநூத்தி நாப்பத்தொண்ணும் வரல..."

"சரியாப் போச்சு. கூப்பிட்டும் வராதவன் ஒருத்தன். கூப்பிடாமலே உட்கார்ந்திருக்கிறவன் ஒருத்தன். நல்ல ஜோடி போ!" சிரித்துவிட்டு, திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. வராதவங்க ஃபைலு எல்லாம் கீழ அலமாரில இருக்கே... அதுல பாதிப் பேரு இப்ப உசுரோட இருக்காங்களோ என்னவோ... யாரு கண்டா?"

கீச்சு கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

*

அடுத்த செவ்வாய். அதே மழை. அதே தூண். அதே கண்.

மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் அந்த உதடு-பார்வை அவள் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. மதிய இடைவேளையில் ஆத்திரம் பயத்தை முந்திவிட்டது. துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு கூண்டைவிட்டு வெளியே வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். உயரம். கசங்காத நீலச் சட்டை. கழுத்தில் மழைத்துளி.

"ஹலோ! உங்களைத்தான்!"

அசைவில்லை.

"மிஸ்டர்! பொண்ணுங்களை முறைச்சுப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

இரண்டு அடி தூரம்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் கத்தலில் முன் பெஞ்சில் இரண்டு பேர் மூடிய கண்ணோடு திடுக்கிட்டார்கள். அவன் மட்டும்... காற்றில் ஆடும் ஜன்னல் திரைக்கு இருந்த உணர்ச்சிகூட அந்த முதுகுக்கு இல்லை.

அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

'இவன்... நான் பேசுறது இவனுக்கு எட்டவே இல்ல. நாம ஒரு பக்கம், இவன் வேற ஒரு பக்கம்...'

ஓடினாள். சொட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஜன்னல் ஓரம் காலி. தரையில் ஈரச் செருப்புத் தடம் மட்டும்... தூண் வரை போய், அங்கே நின்றுவிட்டிருந்தது.

"எங்கடி?" என்றாள் அக்கா.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் விளக்கை அணைக்காமல் தூங்கினாள். அண்ணன் கேட்டதற்கு, கொசு என்றாள்.

*

அண்ணன்தான் ஏழாம் நம்பர் அறை டாக்டர். கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய்க்குச் செவ்வாய்தோறும் பார்ப்பவன். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. கூடத்தில் முன்பு நம்பர் ஒளிரும் பலகை ஒன்று இருந்தது. சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும், பாவம் எப்படிப் படிப்பார்கள் என்று அதைக் கழற்றிவிட்டு மைக் வைக்கச் சொன்னதும் அண்ணன்தான். அந்த மைக்கில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்றாவது செவ்வாய், நான்கு மணிக்குக் கூடம் காலியானது.

"கீச்சு, எரநூத்தி நாப்பத்தொண்ணு இன்னிக்கும் வரலையா?" அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"வரலண்ணா."

"மூணு வாரம். ஃபைலை மூடிரு. ஆபரேஷன் தேதி அடுத்த ஆளுக்குப் போகட்டும். அக்கறையே இல்லாத ஜனங்கம்மா... கண்ணு போனப்புறம் வந்து அழுவாங்க."

ஃபைலை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். படியில் நின்று பிரித்துப் பார்த்தாள். வயது இருபத்து மூன்று. தொழில், செல்போன் ரிப்பேர். இடது கண், முக்கால் பார்வை போய்விட்டது. வலது கண், அழுத்தம் முப்பத்தெட்டு. அடியில் அண்ணன் கையெழுத்தில், இரண்டு கோடு போட்டு: 'உடனே ஆபரேஷன். தள்ளினால் இதுவும் போகும்.'

'கண்ணு போகப்போகுதுன்னு தெரிஞ்ச ஒருத்தன்... வராம இருப்பானா? உசுரோட இருந்தா வராம இருப்பானா?'

படியின் கடைசியில் நீளமான நடை. ஒரே ஒரு ட்யூப்லைட், அதுவும் துடித்துக்கொண்டிருந்தது. நடையின் முடிவில் அந்த இரும்பு அலமாரி. அதன் முன்னால்...

நீலச் சட்டை.

அவன் மெல்லத் திரும்பினான். அந்தக் கிணற்றுக் கண்கள் இருட்டில் அவளைத் தேடின.

"மிஸ்! கவுன்டர் எந்தப் பக்கம்?"

என்ன குரல் அது! ஏற்ற இறக்கம் இல்லாமல், தேவைக்கு மேல் உரக்க, சுவரில் மோதி மோதித் திரும்பியது. அவள் அலறினாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலறினாள். மேலே எங்கோ ஒரு கதவு திறந்தது.

அவன் பயப்படவில்லை. முகம் சுளிக்கவில்லை. தலையைச் சாய்த்து அவள் வாயை உற்றுப் பார்த்தான்.

"கத்துறீங்களா?" என்றான் சந்தேகமாக. "வாய் இவ்ளோ பெருசா தெரியுது... கத்துறீங்கன்னுதான் நினைக்கிறேன்."

அலறல் அப்படியே பாதியில் நின்றது.

"உங்களுக்கு..." அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

ஒரு நொடி. அந்த முகத்தில் எல்லாம் இறங்கிப்போனது. திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி. பிறகு மிக மெதுவாகத் தலையாட்டினான்.

"பத்து வயசுல காய்ச்சல். அதுக்கப்புறம் ஒண்ணும் கேட்காது. பேச்சு மட்டும் போகாம தங்கிடுச்சு... அதனால யாருக்கும் தெரியாது. வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். மருந்து விட்ட கண்ணு, கொஞ்சம் கிட்ட, வெளிச்சத்துக்கு வாங்க."

அவள் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே போய் நின்றாள். பேயோடு அல்லவா பேசுகிறோம் என்ற பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபைலை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். எண்ணை விரலால் தட்டினாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து நமுத்துப்போன சீட்டை எடுத்தான். 241.

"மூணு வாரமா... இங்கதான் உட்கார்ந்திருந்தீங்களா?" ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செதுக்கிக் கேட்டாள்.

"முதல் தடவை வந்தப்ப நம்பர் பலகை இருந்துச்சு, பார்த்துப் போயிட்டேன். இப்ப காலைல எட்டு மணிக்கே வந்துடுவேன். பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்பேன், கூப்பிட்டாங்களான்னு. அவங்க என்னமோ சொல்வாங்க. மருந்து விட்டப்புறம் எனக்கு வாய் மங்கிடும்... சரி சரின்னு தலையாட்டிடுவேன். அப்புறம் பார்த்தா லைட் அணைச்சிடுவாங்க." சிரித்தான். சிரிப்பு மட்டும் சத்தமே இல்லாமல் இருந்தது. "உங்களை வேற மைக் மறைச்சுக்குது. நம்பர் எப்ப வரும்னு முழிச்சு முழிச்சுப் பார்த்தேன்... நீங்க முறைச்சீங்க. அதான் போன வாரம் மதியம் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

"நான் உங்களைப் பேயின்னு நினைச்சேன்!"

"என்னது? தேயா?"

"பே...யி!"

"ஓ... பரவாயில்ல. மாப்பிள்ளை பார்க்க வந்தவங்க இதைவிட மோசமாச் சொன்னாங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "ஏன் முதல்லயே சொல்லல? ஃபைல்ல 'வேறு குறை ஏதும் உண்டா'ன்னு கேட்டிருக்கு. 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

சிரிப்பு அணைந்தது.

"சொன்ன இடத்துல எல்லாம் வேலை போச்சுங்க. முன்னால இருந்த கடைல, கஸ்டமர் பேசுறப்ப, பில்லுக்கு வேணும் எழுதிக் குடுங்கன்னு ஏமாத்தியே ரெண்டு வருஷம் ஓட்டினேன். தெரிஞ்ச அன்னிக்கே அனுப்பிட்டாங்க. நிச்சயம் பண்ண பொண்ணு வீட்லயும் அப்படித்தான்." அலமாரியைப் பார்த்தான். "நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. கை காட்டுங்க, எந்த ரூம்னு. போயிடறேன்."

*

அவள் சொல்லிவிட்டாள். வேறு என்ன செய்ய?

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். அலறல் கேட்டு வந்த சொட்டு அக்கா கதவோரம் நின்றாள்.

"காது கேட்காதுன்னு அவர் சொல்லணும் கீச்சு. எனக்கு ஜோசியமா தெரியும்? இங்க பணக்காரன் ஏழைன்னு பாக்குறதில்ல, எல்லாருக்கும் ஒரே சட்டம். எல்லாரையும் சமமாதான் நடத்துறோம்."

"எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துறோம் அண்ணா. அதான் தப்பே. காது இருக்கிறவங்களுக்குத்தான் அந்த மைக்கு. நான் அவர் இருந்த கூடத்துலயே உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கிட்டே, 'வரவில்லை'ன்னு எழுதினேன். மூணு தடவை. என் கையாலயே."

குழாயை மூட மறந்து அண்ணன் நின்றான்.

வாசலில் நிழல். அவன் நின்றிருந்தான். அவ்வளவு தூரத்தில், விரிந்த கண்ணுக்கு யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்திருக்காது. ஆனால் அவள் விரல் தன் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது... அது தெரிந்திருக்கும்.

"சொல்லாதீங்கன்னுதானே கேட்டேன்," என்றான். அந்தத் தட்டையான குரல் உடைந்து ஒலித்தது. சீட்டைக் கசக்கி மேசையில் வைத்துவிட்டு நடந்தான்.

"நில்லுங்க!" என்று கத்தினாள். 'பைத்தியமா எனக்கு? அவருக்குத்தான் கேட்காதே!'

அவன் கூடத்தைத் தாண்டி, மழைக்குள் இறங்கிவிட்டான். அவள் பின்னால் ஓடினாள். நான்கரை மணிக்கே சாலை இருண்டு கிடந்தது. வண்டிகளின் விளக்கொளி ஈரத்தில் உடைந்து, நாலா பக்கமும் சிதறியது. மருந்து விட்ட கண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே வெள்ளைத் தீ. அந்தத் தீக்குள் அவன் கையை நெற்றிக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறான்... ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. அவனுக்கு அது உலகத்தில் இல்லவே இல்லை.

நாள் முழுக்க ஊரையே கூப்பிடுகிற வாய் அவளுக்கு. இந்த ஒருத்தனை எப்படிக் கூப்பிடுவது?

தெருவில் பாய்ந்தாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். லாரி தண்ணீரை வாரி இருவர் மேலும் அடித்துவிட்டுப் போனது. அவன் திரும்பினான். நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் அவள் முகத்தில் உதட்டைத் தேடித் தேடி... கிடைக்காமல் தவித்தன.

"தெரியல," என்றான். "நீங்க யாருன்னுகூடத் தெரியல. யாரு?"

அந்தக் கேள்வியில் இருந்த பயம் அவளை உலுக்கியது. சத்தமும் இல்லாமல், முகமும் இல்லாமல், நடுத்தெருவில் யாரோ ஒருவர் கையில்...

அவன் உள்ளங்கையை விரித்தாள். மழைத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் பெரிதாக எழுதினாள்.

வா.

அவன் விரல்கள் ஒரு கணம் அவள் விரலைப் பற்றிக்கொண்டன. மழைக்குள் மழையாக அவன் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"அதுக்குள்ள ஒருமையா?" என்றான். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

*

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மருந்தின் வீரியம் இறங்கும் வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடைசி பெஞ்சில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, டேபிள் லைட்டைத் தன் வாய்மேல் திருப்பி வைத்துக்கொண்டு பேசினான்.

"போன பார்வையைத் திருப்பித் தர முடியாது. இருக்கிறதைக் காப்பாத்த முடியும். நாளன்னிக்கே பண்ணலாம். புரியுதா?"

"புரியுது டாக்டர். மீசையைக் கொஞ்சம் வெட்டினீங்கன்னா இன்னும் நல்லாப் புரியும்."

சொட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"காது கேட்காதுன்னு ஃபைல்ல எழுதவா?" அண்ணன் கேட்டான். "நீங்க சொன்னா மட்டும்தான்."

அவன் சொன்னான்: "அப்படி எழுதாதீங்க. 'தோளைத் தொட்டுக் கூப்பிடவும்'னு எழுதுங்க."

அண்ணன் எழுதினான். அப்புறம் தங்கையிடம் திரும்பாமலே கேட்டான், "கீழ அந்த அலமாரில... எத்தனை ஃபைல் இருக்கு?"

"அறுபத்தெட்டு."

அந்த எண் மூவருக்கும் நடுவில் நின்றது. மேலே ட்யூப்லைட் இரைந்தது. அவள் காலிக் கூடத்தைப் பார்த்தாள். அறுபத்தெட்டுப் பேர்... பாஷை புரியாதவர்கள், கைக்குழந்தையை வெளியே கூட்டிப்போன நேரத்தில் நம்பரைத் தவறவிட்டவர்கள், வேலை விட்டு ஓடிவந்து ஐந்து நிமிஷம் பிந்தியவர்கள்... எல்லோரும் இங்கேதான் இருந்தார்களோ? இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு?

மறுநாள் காலை அண்ணன் அலமாரியைத் திறந்தான். சொட்டு அக்காவையும் சேர்த்து மூன்று பேருமாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட ஆரம்பித்தார்கள். பதினோராவது ஃபைலில் ஒரு அம்மா சொன்னாள்: "நான் வந்தேனேப்பா. ரெண்டு நாளு வந்தேன். யாருமே என்னைப் பார்க்கல." அண்ணன் அந்த ஃபைலில் இருந்த 'வரவில்லை'யை அடித்துவிட்டு, 'வந்தார்' என்று எழுதினான்.

*

ஆபரேஷன் முடிந்த மாலை. வார்டில் அவனுக்கு ஜன்னல் ஓரக் கட்டில்.

வலது கண்ணில் கட்டு. இடது கண்ணில் மிச்சமிருப்பது புகை மாதிரி ஒரு வெளிச்சம்தான். அழுத்தம் இறங்கிவிட்டது, பார்வை நிலைக்கும் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆனால் நாளைக்குக் கட்டுப் பிரிக்கும் வரை அவனுக்கு உதடுகள் இல்லை. எழுத்து இல்லை. எதுவுமே இல்லை.

அவள் உள்ளே வந்தபோது அவன் கை போர்வைமேல் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றான் காற்றைப் பார்த்து. "இருந்தா தொடுங்க. இல்லன்னா... இல்லன்னாலும் பரவாயில்ல."

அவள் தோளைத் தொட்டாள். கை உடனே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடி வளையலைத் தடவியது.

"நீங்கதானா..." மூச்சு விட்டான். "உள்ள எப்படி இருக்கு தெரியுமா? கதவே இல்லாத ரூமு. காலைல இருந்து யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு. கேட்டா பதில் வராது. வந்தாலும் எனக்குத் தெரியாது. பேயின்னு சொன்னீங்களே... இப்ப எனக்கு மத்தவங்க எல்லாம் பேயி."

அவள் பிடியை இறுக்கினாள்.

"ஒண்ணு சொல்லணும். நாளைக்குக் கண்ணு தெரிஞ்சா தைரியம் போயிடும். அதனால இப்பவே சொல்லிடறேன்." நிறுத்தினான். "முதல் வாரம் உங்க வாயைப் பார்த்தது நம்பருக்காகத்தான். சத்தியமா. ரெண்டாவது வாரம்... நம்பர் மறந்துபோச்சு. மூணாவது வாரம், கூப்பிட்டுட்டா எழுந்து போகணுமேன்னு இருந்துச்சு. கண்ணு போகுதுன்னு தெரிஞ்சும் இப்படி ஒரு முட்டாள் இருப்பானா? இருக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பான். வார்டு முழுக்கக் கேட்டது. எதிர்க் கட்டில் பெரியவர் இருமினார். கதவருகே ஒரு டம்ளர் விழுந்தது. சொட்டு அக்காவாகத்தான் இருக்கும்.

அவள் முகம் தீயாக எரிந்தது. சொல்ல வேண்டும். எப்படி? எதைச் சொன்னாலும் அந்தக் கதவில்லாத அறைக்குள் போகாதே...

அவன் கையை எடுத்தாள். விரல்களைத் தன் தொண்டைமேல், துடிப்பு இருக்கும் இடத்தில், அழுத்தி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும்தான்."

குரல் அவன் விரல் நுனிகளில் நடுங்கி ஏறியது. அவன் மூச்சை நிறுத்திவிட்டான். மழைகூட நின்ற மாதிரி இருந்தது.

"புரியல," என்றான்.

புரிந்துவிட்டது. கட்டுக்குக் கீழே கன்னம் முழுக்கச் சிரிப்பு வழிகிறது. பொய் சொல்கிறான், திருடன்.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து, அவன் விரல்களை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, மறுபடியும் சொன்னாள்.